போகிக்கு முன்னே ஒரு போகி



நம் பக்கத்திலே வீட்டைச் சுத்தம் செய்வது என்றால் அது போகிக்குத்தான். மார்கழிக் கடைசியிலே பரண்மேல் கிடப்பதை எல்லாம் இறக்கிப் போட்டு, ஒட்டடை அடித்து, கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் கொளுத்தி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலிலே சாணம் தெளித்துக் கோலம் போட்டுவிட்டால் வீடு புதுசாகிவிடும். நல்ல பழக்கம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்கு மழை எப்போது? ஐப்பசியும் கார்த்திகையும்தானே? புயல் எப்போது வருகிறது? 'தானே' புயல் 2011ம் வருஷம் டிசம்பர் 30ந் தேதி காலையிலே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. போகிக்கு அப்போது பதினைந்து நாள் பாக்கி. 'ஃபெஞ்சல்' புயல் 2024ம் வருஷம் நவம்பர் 30ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. போகிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. இரண்டு தடவையும் நம் வீடு எந்த நிலையிலே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷத்து அடைசல் அத்தனையும் தரையிலே. உடைந்த ஓடு உடைந்தபடி. பீலிக் குழாயிலே போன வருஷத்துச் சருகு. அப்படிப்பட்ட வீட்டுக்குள்ளேதான் தண்ணீர் வந்தது. அந்த வருஷப் போகிக்குக் கொளுத்துவதற்கு நிறையச் சாமான் இருந்தது, அவ்வளவுதான்!

ஆகவே, போகிக்குச் செய்கிற வேலையிலே பாதியைப் புரட்டாசிக்கு நகர்த்துங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். ஆயுத பூசைக்கு ஏர், மண்வெட்டி, அரிவாள், மருந்து தெளிப்பான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் அல்லவா? அந்தச் சமயத்திலேயே இரண்டு மூன்று நாள் சேர்த்து வீட்டையும் பார்த்துவிடலாம். தனியாக ஒரு நல்ல நாள் தேட வேண்டியதில்லை.

'ஃபெஞ்சல்' போன அடுத்த வாரம் மயிலத்துக்குப் பக்கத்திலே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். மயிலத்திலே அந்த ஒரு நாளில் பெய்த மழை சுமார் 50 சென்டிமீட்டர். வருஷத்துக்கே நூறு சென்டிமீட்டர் சுற்றுவட்டம் பெய்கிற பூமி இது. பாதி வருஷத்து மழையை ஒரே நாளிலே கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஒரு வீட்டு வாசலிலே வயதான அம்மா ஒருவர் சாக்கை அவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மணிலா. ஊறி, முளை கட்டி, நாற்றம் எடுத்துவிட்டது.

"வெதைக்கு வெச்ச மல்லாட்டை, தம்பி. ரெண்டே மூட்டை. கட்டிலு மேல தூக்கிப் போட்டிருந்தா போதும்" என்றார்.

"ஏன் பெரியம்மா, தூக்க நேரம் இல்லையா?" என்று கேட்டேன்.

"நேரம் இல்லாம இன்னா? இருந்துச்சு. நானும் எம் புள்ளையும் மொதல்ல கிரைண்டரைத் தூக்கிக் கட்டில்ல வெச்சோம். அப்புறம் டிவி பொட்டி. அப்புறம் கட்டில்ல எடமே இல்ல."

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். நடு ராத்திரியிலே கரண்டு இல்லை, கணுக்கால் அளவு தண்ணீர், குழந்தை அழுகிறது. அந்த நேரத்திலே எது முக்கியம் என்று யாருக்குத்தான் தோன்றும்? கைக்கு எது பெரிதாகப் படுகிறதோ அதைத்தான் தூக்குவோம். கிரைண்டர் நனைந்தால் காய வைத்துப் பழுது பார்க்கலாம். நனைந்து முளைத்த விதையைப் பழுது பார்க்க முடியாது. எதை எங்கே வைப்பது என்பதை வெயில் இருக்கும்போதே, நிதானமாக யோசித்து முடித்துவிட வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம்.

முதலிலே ஒரு கரித்துண்டோ சுண்ணாம்போ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குள்ளே 2024லே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். சுவரிலே அந்தக் கறை இன்னமும் இருக்கும். அந்த உயரத்திலே ஒரு கோடு போடுங்கள். சுண்ணாம்பு அடிக்கும்போது அதை அழித்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் தெருவிலே எவ்வளவு நின்றது என்று பாருங்கள். தென்பெண்ணைக் கரையோரத்து ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024 டிசம்பர் முதல் வாரத்திலே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேலே தண்ணீர் திறந்தபோது, உள்ளூரிலே மழை விட்ட பிறகு வெள்ளம் வந்தது. மழை நின்றுவிட்டதே என்று சாமானைக் கீழே இறக்கிய வீடுகளிலே இரண்டாவது தடவையாக நனைந்தது. அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே என்ன என்ன இருக்க வேண்டும் என்பதுதான் நம் கணக்கு.

ரொம்பச் சாமான் இல்லை. ஒரு ஏக்கர் மணிலாவுக்கு விதைப்பருப்பு சுமார் 50 கிலோ வேண்டும். காயாக வைத்தால் இரண்டு மூட்டை. கார்த்திகைப் பட்டமோ மார்கழிப் பட்டமோ விதைக்கிறவர்கள் வீட்டிலே மழைக்காலம் பூராவும் அந்த மூட்டை இருந்தாக வேண்டும். சாப்பாட்டு நெல் இரண்டு மூட்டை. வீட்டுப் பத்திரம். இவ்வளவுக்கு இடம் பண்ணினால் போதும்.

அதற்குப் பெரிய பரண் தேவையில்லை. மரக்காணம், வானூர் பக்கம் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. மூன்று அங்குலக் கனமுள்ள சவுக்கிலே நாலு கால், மேலே குறுக்குக் கழி, அதன்மேல் நெருக்கமாகச் சின்னக் கழிகளை வைத்துக் கட்டினால் ஆறடிக்கு மூன்றடிப் பரண் ஆகிவிடும். கட்டுக்கம்பியாலே இறுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: மண்சுவர் வீடாக இருந்தால் பரணைச் சுவரிலே செருகாதீர்கள். சுவர் ஊறினால் சுவரும் போகும், மூட்டையும் போகும். பரணுக்குத் தன் சொந்தக் கால் இருக்க வேண்டும். தரை சிமெண்டாக இருந்து கால் நட முடியாவிட்டால் நாலு மூலையிலும் ஆலோ பிளாக் கல்லைச் சாந்து வைத்து அடுக்கி, அதன்மேல் பலகை போடலாம். சும்மா அடுக்கினால் இடித்த இடத்திலே சரியும்.

பரண்மேலே பழைய துணி, உடைந்த குடம், பேரன் விட்டுப்போன சைக்கிள் டயர், போன கல்யாணத்து வெற்றிலைத் தட்டு என்று ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் அந்த அம்மா கதைதான். விதைக்கு என்று போட்ட இடம் விதைக்கே.

மூட்டையை மேலே ஏற்றுவதற்கு முன்னே காய் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பருப்பை விரலிலே தேய்த்தால் மேல்தோல் உரிய வேண்டும். ஈரத்தோடு கட்டின மூட்டைக்கு வெள்ளமே வேண்டாம், தானாகவே கெடும். இன்னொன்று, விதைக்கு வைப்பதைக் காயாகவே வையுங்கள். பருப்பாக உடைத்து வைத்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் குறைந்துவிடும். நம் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 போன்ற ரகங்களை நாடு முழுக்க விதைத்திருக்கிறார்கள். 'டி.எம்.வி.' என்றாலே திண்டிவனம்தான். விதைக்கே பேர் கொடுத்த ஊரிலே விதையைத் தரையிலே வைத்து நனைய விடலாமா?

நனைந்துதான் போய்விட்டது என்றால் என்ன செய்வது? உடனே பிரித்துக் காய வைத்து எண்ணெய்க்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பூஞ்சணம் பூத்த காயை அப்படிச் செய்யாதீர்கள். வீட்டிலே அவித்துத் தின்னவும் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது. அந்தப் பச்சை மஞ்சள் பூஞ்சணத்திலே அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டு. வேக வைத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். மாடு தின்றால் பாலிலும் வரும்.

நெல் மூட்டை, உர மூட்டை எதுவானாலும் வெறும் தரையிலே வைக்க வேண்டாம். கீழே பலகை, சுவருக்கும் மூட்டைக்கும் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியிலே துடைப்பம் போக வேண்டும், பூனை போக வேண்டும். எலி வளையைக் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் கலந்து அடைத்துவிடுங்கள். குதிர், தொம்பை வைத்திருப்பவர்கள் அடியிலே மூன்று வரிசைக் கல் கொடுத்து உயர்த்தி வைப்பது நல்லது. மண் குதிரிலே தண்ணீர் அரை அடி ஏறினாலே அடி கரைந்து, நெல் அத்தனையும் சரிந்துவிடும்.

பூச்சிமருந்துப் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அடுப்பங்கரைப் பரணிலே வைக்கிற வழக்கம் பல வீடுகளிலே இருக்கிறது. பிள்ளைகளுக்கு எட்டாது என்பதற்காக வைக்கிறோம். ஆனால் அதற்குக் கீழேதான் அரிசி இருக்கிறது. மருந்துக்கென்று தனியாகப் பூட்டுப் போட்ட பெட்டி, வீட்டுக்கு வெளியே மாட்டுக்கொட்டகைச் சுவரிலே, கோட்டுக்கு மேலே இருக்கட்டும். காலிப் பாட்டிலை நசுக்கி ஓட்டை போட்டுவிடுங்கள்.

அடுத்தது பத்திரம். வெள்ளம் வந்த ஊர்களிலே வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். கிரயப் பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், மாட்டுக் காப்பீட்டுத் தாள் எல்லாம் வீட்டிலே எங்கே இருக்கின்றன? ஒன்று தலையணைக்கு அடியிலே, ஒன்று சாமி படத்துக்குப் பின்னாலே, ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியிலே, இல்லையா? ஒரே இடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பிளாஸ்டிக் உறையிலே போட்டு, வாயை மடித்து ஒட்டி, அதை இன்னொரு உறையிலே தலைகீழாகப் போட்டு, இறுக்க மூடும் எவர்சில்வர் தூக்கிலே வையுங்கள். ஓடுகிற நேரத்திலே கையிலே எடுக்க ஒரு பிடி இருக்கிறது பாருங்கள், அதற்குத்தான் தூக்கு. வீட்டிலே படித்த பிள்ளை இருந்தால் எல்லாவற்றையும் செல்போனிலே படம் பிடித்து வெளியூர் உறவுக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். பட்டாவைக் கணினியிலே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கிரயப் பத்திரத்தின் மூலம் போனால் சார்பதிவாளர் அலுவலகத்திலே நகல்தான் கிடைக்கும். அதற்கும் அலைச்சல் உண்டு.

இனிக் கூரையைப் பார்ப்போம். ஒரு சின்னக் கணக்கு. 300 சதுர அடி வீட்டின் கூரைமேலே 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? சுமார் 14,000 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி நிறைய! அவ்வளவும் உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து மட்டும் இறங்குகிறது. அது எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்பதை நாம் முடிவு பண்ணவில்லை என்றால் தண்ணீரே முடிவு பண்ணிக்கொள்ளும்.

ஓட்டு வீட்டுக்காரர்கள் நல்ல வெயில் நாளிலே உச்சிப்பொழுதுக்குக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கெல்லாம் காசு காசாக வெளிச்சம் விழுகிறதோ அங்கெல்லாம் ஓடு நகர்ந்திருக்கிறது அல்லது விரிந்திருக்கிறது. அந்த இடத்திலே ஒரு ஈர்க்குச்சியைச் செருகிவிட்டால் மேலே ஏறுகிற ஆளுக்கு அடையாளம். திண்டிவனம் பக்கத்திலே குரங்கு புரட்டிப் போட்ட ஓடே பாதி இருக்கும். முகட்டு ஓட்டுச் சாந்து பெயர்ந்திருந்தால் முதலிலே அதைப் பூசுங்கள்.

கீற்றுக் கூரை, கரும்புச் சோகை, பனையோலைக் கூரைக்காரர்களுக்கு மழையைவிடக் காற்றுத்தான் எதிரி. காற்று இறவாரத்துக்கு அடியிலே புகுந்து கூரையை மேலே தூக்கும். ஆகவே கழியைச் சுவர்மேல் கிடக்கும் விட்டத்தோடு கட்டுக்கம்பியாலே சேர்த்து முறுக்கிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் பழைய மீன்வலை கிடைக்கும். அதைக் கூரைமேலே விரித்து நாலு பக்கமும் முளைக்குச்சி அடித்து இழுத்துக் கட்டினால் நல்ல பிடிப்பு. தகர ஷீட்டு, சிமெண்டு ஷீட்டுக்கு மேலே கருங்கல்லையும் டயரையும் தூக்கி வைக்கிறார்கள். புயற்காற்றிலே ஷீட்டும் பறக்கும், கல்லும் தலையிலே விழும். கொக்கி போல்ட்டு கழன்றிருக்கிறதா என்று பார்த்து முடுக்குவதுதான் வழி.

மெத்தை வீட்டுக்காரர்கள், தொகுப்பு வீட்டுக்காரர்கள், 2024லே தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலே புதிதாகக் கட்டியவர்கள், தமக்குக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. ஒரு சதுர மீட்டர் இடத்திலே பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதன் எடை நூறு கிலோ. மாடியின் தண்ணீர்க்குழாய் சருகினால் அடைத்துக்கொண்டால் சின்ன வீட்டுக்கே இரண்டு மூன்று டன் பாரம். மாடியிலே நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கே தேங்குகிறது, எங்கே உறிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். விரிசலிலே ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்திருந்தால் மேலே கிள்ளாதீர்கள், வேரோடு எடுத்துவிட்டு அடையுங்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் 'சுவர் இடிந்து விழுந்து சாவு' என்று பத்திரிகையிலே படிக்கிறோம். பெரும்பாலும் ராத்திரி, தூக்கத்திலே. மண்சுவர் தலையிலே நனைந்து விழுவதைவிட அடியிலே ஊறி விழுவதுதான் அதிகம். கூரைத் தண்ணீர் சொட்டி, மண்ணிலே அடித்து, அந்தச் சேறு திரும்பச் சுவரிலே தெறிக்கிறது. வருஷா வருஷம் சுவரின் கால் தேய்ந்து இடுப்புச் சிறுத்துப்போகிறது. வெளியே போய் உங்கள் வீட்டுச் சுவரின் அடியைக் குனிந்து பாருங்கள். உள்வாங்கியிருக்கிறதா? அந்த இடத்தை உடைகல், சரளை, மண் போட்டு இடித்து நிரப்பி, சுவரை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சுண்ணாம்புச் சாந்தோ சிமெண்டுச் சாந்தோ பூசுங்கள். தண்ணீர் போகிற வாய்க்காலைச் சுவரோரமாக வெட்டாதீர்கள், மூன்றடி தள்ளி வெட்டுங்கள். சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுவதும், பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அங்கேயே விடுவதும் வேண்டாம்.

சுவர் வயிறு தள்ளியிருந்தால், மேலிருந்து கீழாக விரல் நுழைகிற விரிசல் இருந்தால், பூசி மறைக்கிற வேலையே கூடாது. முட்டுக் கொடுங்கள். மழை நாட்களிலே அந்தச் சுவருக்குப் பக்கத்திலே யாரும் படுக்கக் கூடாது. "எங்க மாமனார் காலத்துச் சுவரு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே பேச்சுத்தான். அண்ணன் தம்பி பாகத் தகராறு இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தைப் பேசித் தீர்த்துவிடுங்கள்.

புதிதாக வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. பேஸ்மட்டத்தின் உயரத்தைத் தெருவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வங்காளதேசத்திலே ஆற்றுத் திட்டுகளிலே குடியிருக்கும் சனங்கள் முதலிலே மண்ணைக் கொட்டி மேடு பண்ணிவிட்டுத்தான் அதன்மேலே வீடு கட்டுகிறார்கள். ஏழைகள்தான். வெள்ளத்தோடு பழகினவர்கள். இடத்தையும் பாருங்கள். விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்திலே கனமழைக்குத் தண்ணீர் நிற்பது ஏன்? அது ஏரி இருந்த இடம். நாம் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரோரம் குவித்திருக்கும் விறகு, எருமுட்டை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் வீட்டைவிட்டுப் பத்தடி தள்ளிக் கல்லின்மேலே அடுக்குங்கள். கைவிட்டு எடுக்காமல் கழியாலே தட்டிவிட்டு எடுங்கள். எலி அங்கே குடியிருந்தால் பாம்பும் அங்கே வரும். கட்டுவிரியன் ராத்திரியிலே வீட்டுக்குள் வந்து தரையிலே படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல சமயம் கடித்த வலிகூடத் தெரியாது. மழைக்காலத்திலே கட்டிலும் கொசுவலையும் போட்டுப் படுத்தால் இரண்டு எதிரிக்கு ஒரே காவல். கடித்துவிட்டால் வேர், பச்சிலை என்று நேரம் போக்காமல் 108க்குப் போன் பண்ணுங்கள்.

கொசு என்றதும் சாக்கடையை மட்டும் நினைக்கிறோம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரிலே முட்டையிடும். தொட்டியின் உள்சுவரிலே ஒட்டிய முட்டை மாசக்கணக்கிலே காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகையால் தண்ணீரை மாற்றினால் போதாது, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை. கொல்லையிலே கிடக்கும் ஆட்டுக்கல் குழி, தேங்காய்த் தொட்டி, டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

மெயின் சுவிட்சுப் பெட்டி கோட்டுக்குக் கீழே இருந்தால் லைசென்சு உள்ள ஆளை வைத்து உயர்த்திவிடுங்கள். உயிர் காக்கும் சாதனம் என்று ஒன்று விற்கிறார்கள். கசிவு ஏற்பட்ட மாத்திரத்திலே மின்சாரத்தைத் தானே துண்டித்துவிடும். வீட்டுக்கு ஒன்று இருக்கட்டும். கொட்டகைக் கம்பியிலே வயரைச் சுற்றி மாட்டுக்கு விளக்குப் போடுவது வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகும், சோதிக்காமல் சுவிட்சைத் தட்டாதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு கிணறு. சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் முதலிலே இறைத்துக் கொட்டிவிட்டுப் பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சாதாரண அளவு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். பத்தடி அகலக் கிணற்றிலே பதினைந்தடித் தண்ணீர் இருந்தால் சுமார் 33 ஆயிரம் லிட்டர். அதற்கு 80 கிராம் போலத் தேவை. வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவை இதைவிடக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், சுகாதார ஆய்வாளரைக் கேட்டுப் போடுங்கள். பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியிலே கரைத்துத் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் கிணற்றிலே இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்கலாம். பிரித்து வைத்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அப்படியானால் போகிக்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போகிக்கே இருக்கட்டும். ஈரச் சுவரிலே சுண்ணாம்பு பிடிக்காது, புரட்டாசியிலே அடித்தால் ஐப்பசி மழை கழுவிக்கொண்டு போய்விடும். பாயைக் கொளுத்துவதும் அப்போதே. டயரையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது.

கடைசியாக, மாடு. வெள்ளத்திலே மாடு நீந்தும். கட்டின கயிற்றோடு நீந்த முடியாது. செத்துப்போன மாடுகளிலே பல கட்டுத்தறியிலேயே செத்தவை. மழைக்காலம் பூராவும் கொட்டகையிலே இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். நுனியை வீட்டுப் பிள்ளைகளும் இருட்டிலே கைவைத்து இழுக்கிற மாதிரி நீளமாக விட்டு வையுங்கள். இன்று சாயங்காலம் மாட்டைக் கட்டும்போதே பிள்ளையைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.